கை தவறவில்லை

என் மகள் ரம்யாவின் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் ஒரு பச்சை ஃபைலில் இருக்கின்றன. அதன் முதல் தாளில், பெயருக்கும் வயதுக்கும் அடுத்த வரியிலேயே ஒரு பொய் இருக்கிறது. ஆங்கிலத்தில் நாலே வார்த்தை. தமிழில் சொன்னால், ‘தாயின் கையிலிருந்து விழுந்தது’. அந்தத் தாய் வசந்தி. அதாவது நான். என் கையிலிருந்து என் பிள்ளை ஒருநாளும் விழுந்ததில்லை.

ஒரு வரிக்கா இத்தனை ஆத்திரம் என்று கேட்பவர்களுக்கு என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரில் ஒரு தட்டச்சுக் கடையில் உட்கார்ந்து பத்திரம் அடிப்பவள் நான். கிரயம், பாகப்பிரிவினை, உயில், அடமானம் எல்லாம் அடித்திருக்கிறேன். மூலப்பத்திரத்தில் ஒருவர் ‘வடக்கே’ என்பதைத் ‘தெற்கே’ என்று அடித்துவிட்டால், அதற்கப்புறம் அந்த நிலத்தை வாங்குகிறவர் விற்கிறவர் எல்லோரும் தெற்கே என்றே எழுதிக்கொண்டு போவார்கள். யாரும் நிலத்தில் போய் நின்று பார்க்கமாட்டார்கள். பழைய தாளைப் பார்த்துப் புதுத் தாளில் அடிப்பதுதான் வழக்கம். ஆஸ்பத்திரியிலும் அதே வழக்கம் என்பதை நான் என் பிள்ளையின் உடம்பை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. ஒன்றின் பெயரை எழுதினால் மற்றவை எல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும்.

ரம்யா பிறந்தது தொண்ணூறுகளின் நடுவில். நாலாவது மாதம் ஒரு சனிக்கிழமை காலையிலிருந்து அழ ஆரம்பித்தாள். படுத்திருந்தால் சும்மா இருப்பாள், தூக்கினால் வீறிடுவாள். துணி மாற்ற இடது காலைத் தொட்டால் மூச்சே நின்றுவிடும்போல அழுவாள். என் கணவர் சேகரின் அக்கா அன்றைக்கு மதுராந்தகத்திலிருந்து வந்திருந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் பார்த்தவுடன் சொல்லிவிட்டார்.

“இன்னாடி இது, புள்ளைக்கு உரம் வுழுந்துகீது. தூக்கத் தெரியாம தூக்கியிருக்கே.”

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குழந்தையை ஏறுக்குமாறாகத் தூக்கினாலோ, தூக்கத்தில் கழுத்து ஒருபக்கம் திரும்பிக் கிடந்தாலோ உள்ளே எங்கோ பிடித்துக்கொள்ளும். அதற்குப் பெயர் உரம் விழுவது. எடுக்கத் தெரிந்தவர்கள் எல்லாத் தெருவிலும் ஒருவராவது இருப்பார்கள். மெத்தென்ற பழஞ்சேலையில் குழந்தையைப் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உருட்டுவார்கள். முக்கால்வாசிக் குழந்தைகள் சிரித்துக்கொண்டே எழுந்து வரும். நானே அப்படி உருண்டவள்தான்.

பின்தெருவில் ஒரு அம்மா உரம் எடுப்பார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான், அண்ணி, சேகர் மூன்று பேரும் போனோம். சேலையின் ஒரு பக்கத்தை அண்ணி பிடித்தார். இன்னொரு பக்கத்தை நான் பிடித்தேன். இதை நான் மறைக்கவில்லை. அந்தச் சேலையின் முனை என் கையில்தான் இருந்தது. மூன்றாவது உருட்டலில் ரம்யா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதன்பிறகு சத்தமே இல்லை. “பாத்தியா, அழுகை நின்னுபோச்சு, உரம் வுட்டுடுச்சு” என்றார் அந்த அம்மா. சாயங்காலம் தொடை இரண்டு மடங்காக வீங்கிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குள் நான் குழந்தையோடு போனேன். சேகர் வெளியே பதிவு கவுன்ட்டரில் நின்றார். உள்ளே இருந்த இளம் டாக்டரிடம் காலையிலிருந்து நடந்ததை வரிசையாகச் சொன்னேன். காரணமே இல்லாமல் அழுதாள், அதற்கப்புறம் உரம் எடுத்தோம், அதற்கப்புறம் வீங்கியது. அவர் என்னைத் திட்டினார். படித்தவள்தானே, இதெல்லாம் காட்டுமிராண்டித்தனம் இல்லையா என்றார். திட்டியது நியாயம், வாங்கிக்கொண்டேன். ஆனால் திட்டியதை அவர் எழுதவில்லை. எழுதியிருந்தால் எங்கள் நாலு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

தொடை எலும்பு முறிவு. கைக்குழந்தைக்கு அந்த இடத்தில் கட்டுப் போட்டால் நிற்காதாம். அதனால் இரண்டு காலிலும் பிளாஸ்திரி ஒட்டி, கயிறு கட்டி, கட்டிலுக்கு மேலே ஒரு கம்பியில் தொங்கவிட்டார்கள். இடுப்பு மெத்தையில் படக்கூடாது; ஒரு உள்ளங்கை நுழையும் அளவுக்கு மேலே நிற்க வேண்டும். தன் எடையே தன் எலும்பை நேராக இழுத்துப்பிடிக்கும் என்பது கணக்கு. மூன்று வாரம். பால் கொடுக்கத் தூக்க முடியாது. நான் கட்டில் சட்டத்தில் முட்டிபோட்டுக் குனிந்து, அவள் வாய்க்கு என் மார்பைக் கொண்டுபோனேன். என் இடுப்பு விட்டுப்போகும். அவள் குடித்துக்கொண்டே தன் காலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

குழந்தைகளுக்குத் தனி வார்டு இல்லாததால் பெண்கள் எலும்பு வார்டிலேயே போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் அஞ்சலை இருந்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து மீன்கூடையோடு பஸ்ஸில் ஏறி ஊர் ஊராக விற்கிறவர். ஐம்பது வயது தாண்டியிருக்கும். இடுப்பு முறிந்து படுத்திருந்தார். முதல் நாளே ஆயா சொல்லிவிட்டாள்போலிருக்கிறது.

“ஏம்மா, புள்ளய கீழ போட்டுட்டியாமே?”

“நான் போடலீங்க.”

“போட்டா இன்னா, போடாங்காட்டி இன்னா. கோழி மாதிரி தொங்குதே, அதப் பாக்கத்தான் மனசு ஆவல. இந்தா, நீ மொதல்ல நாஸ்தா துன்னு. பால் குடுக்குற ஒடம்பு.”

அவர் மகள் கொண்டுவரும் தூக்குச்சட்டியில் தினமும் எனக்கும் ஒரு பங்கு வரும். மீன் சாப்பிடாத வீட்டில் பிறந்தவள் நான் என்று சொன்னதும், அடுத்த நாள் முதல் எனக்கென்று தனியாகப் பருப்பு வந்தது. என் வீட்டில் இருந்துகூட அப்படி யோசித்து யாரும் அனுப்பவில்லை.

அஞ்சலைக்கும் தன் தாளின்மேல் கோபம் இருந்தது. அவர் தாளில் ‘பஸ்ஸிலிருந்து விழுந்தது’ என்று எழுதியிருந்ததை நான்தான் படித்துக் காட்டினேன்.

“எவன் சொன்னான்? பஸ்ஸுல ஏற காலத் தூக்கனேன். உள்ளாற டப்புனு ஒரு சத்தம். அப்பாலதான் வுழுந்தேன். ஒடிஞ்சது மொதல்ல, வுழுந்தது அப்பால. இன்னாத்துக்கு மாத்தி எழுதி வச்சிகினு கீறாங்க?”

அப்போது அது எனக்குப் புரியவில்லை. வலியில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில்தான் அந்த நாலு வார்த்தையை முதலில் பார்த்தேன். நர்ஸிடம் கேட்டேன். “ரெக்கார்டுல அப்படித்தாம்மா இருக்கு” என்றாள். சேகரிடம் காட்டினேன். அவர் மருந்துப் பையைத் துழாவிக்கொண்டே, “ஏதோ எழுதிட்டாங்க, விடு வசந்தி. கால் சேர்ந்துடுச்சுல்ல” என்றார். விட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அது.

ஒரு வயது ஆவதற்குள் ரம்யா சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், முழங்காலுக்குக் கீழே முறிந்தது. வேறு ஆஸ்பத்திரி. பழைய தாளைக் கேட்டார்கள், கொடுத்தேன். புதுத் தாளில் எழுதினார்கள்: ‘முன்பும் தாயின் கையிலிருந்து விழுந்திருக்கிறது.’ இரண்டு வயதில் வலது கை. இன்னொரு ஆஸ்பத்திரி. ‘தாயின் கையிலிருந்து அடிக்கடி விழுகிறது.’ அடிக்கடி என்ற வார்த்தை எங்கிருந்து முளைத்தது? மூன்றாவது ஆஸ்பத்திரியில் ஒரு மூத்த நர்ஸ் என்னைத் தனியாக ஒரு அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

“வீட்டுல சண்டையாம்மா? அந்தக் கோவத்த குழந்தைமேல காட்டுறியா? எங்கிட்ட சொல்லு, நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்.”

குரலில் அவ்வளவு கனிவு. அந்தக் கனிவைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

அந்த வருஷங்களில் ரம்யா குடித்த கால்சியம் டானிக்குக்கு அளவில்லை. முட்டை கொடு, கேழ்வரகு கொடு, வெயிலில் காட்டு என்றார்கள். எல்லாம் செய்தேன். ஒவ்வொரு தடவையும் ஆறு வாரம், எட்டு வாரம் மாவுக்கட்டு போட்டார்கள். படுத்தே கிடந்தால் எலும்பு இன்னும் மெலியும் என்று எவரும் சொல்லவில்லை.

அவளுக்கு மூன்று வயதானபோது அண்ணி வந்தார். சேகரும் நானும் உட்கார்ந்திருக்க, சேகரைப் பார்த்தே பேசினார்.

“தப்பா எடுத்துக்காத. எல்லா டாக்டரும் ஒண்ணாவா பொய் எழுதுவான்? இவளுக்குக் கைப்பக்குவம் இல்ல. டைப் அடிக்கிற கை, புள்ள தூக்குற கை இல்ல. கொஞ்ச நாளு எங்கிட்ட இருக்கட்டும்.”

சேகர் தரையைப் பார்த்தார். நான் அவரையே பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். “கொஞ்ச நாளைக்குத்தானே வசந்தி” என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை என் பிள்ளையை மதுராந்தகத்துக்குக் கொண்டுபோனார்கள். தட்டச்சுக் கடையில் அந்த வாரம் நான் அடித்த பத்திரங்களில் அத்தனை பிழை. முதலாளி திருப்பி அடிக்கக் கொடுத்தார்.

மூன்றாவது மாதம், கடைக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு எனக்கு ஃபோன் வந்தது. பேசியது அண்ணி.

“வசந்தி, நான் ஒண்ணும் பண்ணலடி. சொக்காதான் மாட்டிவுட்டேன். கையத் தூக்கனேன், அவ்ளோதான். எம் புள்ளைங்க மேல ஆணையா நான் கீழ போடல.”

அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆம். என் பிள்ளையின் கை முறிந்த செய்தி கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். பூத்துக்கு வெளியே வந்ததும் அது புரிந்து, ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்தவர்களை நான் மன்னிக்கத் தயாரில்லை.

மதுராந்தகத்தில் கொடுத்த தாளை வாங்கிப் படித்தேன். அதிலும் அதே வரி. ‘தாயின் கையிலிருந்து அடிக்கடி விழுகிறது.’ தாய் அப்போது இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு அடமானப் பத்திரம் அடித்துக்கொண்டிருந்தாள். என் கை அவ்வளவு நீளம் என்று எனக்கே தெரியாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

வழி காட்டியது அஞ்சலைதான். கம்பு ஊன்றிக்கொண்டு மறுபடி மீன் விற்க ஆரம்பித்திருந்தார். செங்கல்பட்டு வந்தால் கடை வாசலில் கூடையை இறக்கிவைத்து ஐந்து நிமிஷம் பேசிவிட்டுப் போவார். ரம்யாவின் கையில் புது மாவுக்கட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“எங்கூரு பக்கத்துல மாசத்துக்கு ரெண்டு நாயித்துக்கெழம மெட்ராஸ்ல இருந்து ஒரு எலும்பு டாக்டரம்மா வருது, கண்ணு. அதுதான் எனக்கு ஒடிஞ்சதுதான் மொதல்லன்னு ஒத்துகிச்சி. எலும்பு உள்ளுக்குள்ளயே அரிச்சிபோயி கீதாம். கூட்டிகினு வா.”

மாமல்லபுரத்தில் சிற்பக்கூடங்கள் இருக்கும் தெருவில், ஒரு அறக்கட்டளைக் கட்டடம். வெளியே உளிச்சத்தம். காத்திருந்தவர்களில் பாதிப் பேர் கல் தூக்கி முதுகு போனவர்கள். ஐந்தாறு மணி நேரம் காத்திருந்தோம். எங்கள் முறை வந்தபோது பச்சை ஃபைலை நீட்டினேன். டாக்டரம்மா அதை வாங்கி மேசையில் வைத்தார், திறக்கவில்லை.

“குழந்தையை அப்புறம் பார்க்கிறேன். நீங்க ஜன்னல்கிட்ட வாங்கம்மா.”

என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு ரம்யாவின் கண்ணை. “ரெண்டு பேருக்கும் முழியோட வெள்ளை நீலமா இருக்கு. இதை யாரும் சொல்லலையா?”

சொல்லியிருக்கிறார்கள். பெண் பார்க்க வந்தபோது அண்ணிதான் சொன்னார், பொண்ணுக்குக் கண்ணுல நீலம் ஓடுது, எவ்வளவு அழகு என்று.

“சின்ன வயசுல உங்களுக்கு எத்தனை தடவை எலும்பு உடைஞ்சிருக்கு?”

“மூணு தடவை. ரெண்டு கை, ஒரு கணுக்கால். விளையாட்டுல.”

“உங்க அப்பாவுக்குக் காது நல்லா கேட்குமா?”

திருக்கழுக்குன்றத்தில் பள்ளிக்கூட வாத்தியார் என் அப்பா. நாற்பது வயதிலேயே காது மந்தமாகிவிட்டது. பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் செவிட்டு வாத்தியார் என்பார்கள். மணிக்கட்டில் எப்போதும் ஒரு கட்டு இருக்கும். மகளின் எலும்பைப் பார்க்க வந்த இடத்தில், அவரைப் பார்க்காமலே ஒருவர் அவர் காதைப் பற்றிக் கேட்கிறார். நான் அழுதேன்.

டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்தமாதிரி எழுதுகிறேன். எலும்பு என்பது கான்கிரீட் மாதிரி. கால்சியம்தான் சிமெண்ட். உள்ளே கம்பி மாதிரி ஒரு புரதம் ஓடுகிறது. எங்கள் குடும்பத்தில் அந்தக் கம்பியைச் செய்யும் குறிப்பிலேயே ஒரு பிழை. கம்பி போதுமான அளவு உருவாவதில்லை. சிமெண்டை எவ்வளவு கொட்டினாலும் கம்பி இல்லாத தூண் நிற்காது. அதே கம்பிதான் கண்ணின் வெள்ளைக்கும் வேண்டும். அது குறைந்தால் வெள்ளை மெலிந்து உள்ளிருக்கும் நிறம் நீலமாகத் தெரியும். காதுக்குள் இருக்கும் குட்டி எலும்புகளையும் அது விடாது. பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி. ஒரே பிழை அப்பாவைக் காதிலும், என்னை விளையாட்டிலும், ரம்யாவைத் தொட்டிலிலும் பிடித்தது. அஞ்சலைக்கு வந்தது வேறு. அவர் பிறந்தபோது எலும்பு நன்றாகத்தான் இருந்தது. வயதும், மாதவிலக்கு நின்றதும், போதாத சாப்பாடும் சேர்ந்து பிற்பாடு அரித்தது. ஒன்று கூடப் பிறந்தது, மற்றது வந்து சேர்ந்தது.

பிறகு பழைய எக்ஸ்ரேக்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முதல் எக்ஸ்ரேயிலேயே நிறுத்தினார். முறிந்த இடத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைப் புகை மாதிரி இருந்தது.

“இது எலும்பு ஆறத் தொடங்கின அடையாளம். நீங்க உரம் எடுக்கிறதுக்குப் பல நாள் முன்னாடியே இங்கே விரிசல் இருந்திருக்கு. அன்னிக்குக் காலையில அது அசைஞ்சிருக்கும், அதனாலதான் அழுதிருக்கா. உருட்டினதுல அது முழுசா விலகிடுச்சு. யாரும் கீழே போடலை. போட்டதா யார் எழுதினது?”

நாலு வருஷத்தில் அந்தக் கேள்வியை முதன்முதலாக ஒருவர் கேட்டார்.

பத்திரத்தில் பிழை இருந்தால் அதற்கென்றே ஒரு பத்திரம் உண்டு: பிழைத்திருத்தல் பத்திரம். இன்ன பத்திரத்தில், இன்ன வரியில் தவறுதலாக இப்படிக் கண்டிருப்பதை இப்படித் திருத்தி வாசித்துக்கொள்ள வேண்டியது என்று எழுதி, முதலில் எழுதிக்கொடுத்தவரே கையெழுத்துப் போட வேண்டும். நூற்றுக்கணக்கில் அடித்திருக்கிறேன். எனக்கும் ஒன்று வேண்டும் என்று முதல் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ரெக்கார்டு அறையில் இருந்தவர் நிமிராமலே பேசினார். “பார்ட்டி சொன்னதத்தாம்மா எழுதுவோம்.”

“நான்தான் பார்ட்டி. நான் அப்படிச் சொல்லல.”

“இன்னாமா பேஜாரு பண்றே? சொல்லாமயா எழுதுவாங்க?” என்று எழுந்துபோய், தூசி தட்டி ஒரு பழைய ரிஜிஸ்டரை எடுத்துவந்தார். எனக்கு உதவ அல்ல, என்னை ஜெயிக்க. பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தார். “இந்தா, நல்லா பாத்துக்கோ.”

‘தாயின் கையிலிருந்து விழுந்தது.’ பக்கத்துக் கட்டத்தில், தகவல் சொன்னவர்: தந்தை. அதற்குக் கீழே தமிழில் ஒரு கையெழுத்து. கடைசி எழுத்தை இழுத்து ஒரு கோடு. எங்கள் கல்யாணப் பதிவில் இருக்கிற அதே கோடு.

சேகர் கல்பாக்கத்தில் ஒப்பந்த எலக்ட்ரீஷியன். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு வந்திருந்தார், வெளியே நின்றிருந்தார். நான் நேராகப் போய், “கையெழுத்தைப் பார்த்தேன்” என்றேன். அவர் எதையும் மறுக்கவில்லை. கொளவாய் ஏரிப்பக்கம் பஸ் நிற்கும் இடத்தில் வெயிலில் நின்று பேசினோம்.

“கவுன்ட்டர்ல எப்படி ஆச்சுன்னு கேட்டாங்க வசந்தி. உரம் எடுத்தோம்னு சொன்னா கேஸ் ஆயிடும்னு பின்னாடி நின்னவன் சொன்னான். அக்காவை இழுப்பாங்க, அந்தப் பொம்பளையை இழுப்பாங்க. கை தவறிடுச்சுன்னு சொன்னா… அம்மாதானே, யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்கன்னு நெனச்சேன்.”

“யாரும் கேக்கலையா?”

அவர் ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நாலு வருஷமா எல்லாரும் கேட்டாங்க. கதவைச் சாத்திக் கேட்டாங்க. உங்க அக்கா கேட்டாங்க. கேட்டுட்டு என் புள்ளையைத் தூக்கிட்டுப் போனாங்க. அப்போ நீங்க தரையைப் பார்த்துட்டு இருந்தீங்க. எழுதினதைப் படிச்சாவது பார்த்தீங்களா?”

“இங்கிலீஷ்ல இருந்துச்சு. போடச் சொன்னாங்க, போட்டேன்.”

எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும் பத்திரத்தில்கூட, கடைசியில் ‘படித்துக் காட்டக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு’ என்று ஒரு வரி அடிப்போம். ஒரு சென்ட் தரிசு நிலத்துக்கு இருக்கும் அந்த மரியாதை என் பெயருக்கு இல்லை.

மறுநாள் அவரைக் கடைக்கு வரச் சொன்னேன். மற்ற பார்ட்டிகளைப் போலவே எதிர் பெஞ்சில் உட்காரவைத்தேன். தாளை ஏற்றிவிட்டு, “பேரு? அப்பா பேரு? வயசு?” என்று கேட்டேன். முதலாளி விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சேகர் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் அடித்தேன். ‘மேற்படி குழந்தை எவர் கையிலிருந்தும் விழவில்லை. காரணம் தெரியாமல் அழுததால், குழந்தையின் தாயும் தகப்பனின் தமக்கையும் சேலையின் இரு முனைகளைப் பிடித்து உரம் எடுத்தார்கள். நான் பயத்தில் மாற்றிச் சொன்னேன்.’

“அக்காவைப் பத்தி வேணுமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“தாயும்னு முதல்ல போட்டிருக்கேன். அது நான்தான்.”

முழுவதையும் படித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்தில் அதே கோடு.

ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரைத் திருத்த மறுத்துவிட்டது. மூன்று தடவை நடந்தபிறகு, தாளை வாங்கிப் ‘பெறப்பட்டது’ என்று முத்திரை குத்தினார்கள். அந்த நகல் பச்சை ஃபைலில் இருக்கிறது. அண்ணிக்கு நோயை விளக்கினபோது, “அப்போ உன் ரத்தத்துல இருந்துதானே வந்துகீது” என்றார். கையை விட்டால் ரத்தம்! “ஆமாம் அண்ணி, கண்ணுல நீலம் ஓடுதுன்னு நீங்கதானே பிடிச்சுப்போய்க் கட்டிவச்சீங்க” என்றேன். ஆனால் அன்று முதல் ரம்யாவுக்குத் தைக்கும் சட்டை எல்லாம் முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரியே தைத்து அனுப்புகிறார், கையைத் தூக்கவே வேண்டாம் என்று. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சென்னையில் மருந்து ஏற்ற ஆரம்பித்தோம். எலும்பை அரிக்கும் செல்களைக் கட்டிப்போடும் மருந்து. சொட்டு சொட்டாக மூன்று நாள் இறங்கும். முதல் தடவை உடம்பு அனலாகக் கொதித்தது, எதிர்பார்த்ததுதான் என்றார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை போவோம். இது கம்பியைச் சரிசெய்யாது, இருக்கிற சிமெண்டைக் காப்பாற்றும். முறிவுகள் குறைந்தன. அவள் நடந்தாள். பள்ளிக்கூடம் போனாள். சேகரை மன்னித்தேனா என்று கேட்காதீர்கள். ஒரே வீட்டில் இருக்கிறோம். ஆஸ்பத்திரிக் கவுன்ட்டருக்கு அவரைத் தனியாக அனுப்புவதில்லை.

ஒன்பது வயதில், பள்ளியில் பிரார்த்தனைக்கு எழுந்து நிற்கும்போது ரம்யாவின் தொடை எலும்பு மறுபடி முறிந்தது. இந்த முறை உள்ளே நிஜமாகவே ஒரு கம்பி வைக்க வேண்டும் என்று சென்னையில் சேர்த்தார்கள். அட்மிஷனில் ஒரு இளம் டாக்டர். தள்ளுவண்டியில் படுத்திருந்தவளைப் பார்க்காமல் பச்சை ஃபைலைத் திறந்தார். முதல் தாள். பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். எனக்குத் தெரியும் என்ன எழுதுகிறார் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் ரம்யா பேசினாள்.

“டாக்டர், அது பழைய தப்பு. அதைப் பார்த்து எழுதாதீங்க. என்னைக் கேளுங்க.”

அவர் நிமிர்ந்தார். “சரி, நீயே சொல்லு. எப்படி விழுந்தே?”

“முதல்ல உடைஞ்சது. அப்புறம்தான் விழுந்தேன். அந்த வரிசையில எழுதுங்க.”

அஞ்சலையின் கதையை நான் எப்போதோ அவளுக்குச் சொல்லியிருந்தேன். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் ரம்யாவைக் காட்டினேன். எழுதினதை அடித்துவிட்டு எழுதினார். ஃபைலை மூடப்போனவரை அவள் விடவில்லை.

“படிச்சுக் காட்டுங்க.”

அவர் படித்தார். நிறுத்தி, தமிழிலும் ஒரு தடவை சொன்னார். ரம்யா கேட்டாள். சரி என்றாள். பேனாவை வாங்கி, தகவல் சொன்னவர் என்ற கட்டத்தில், படுத்தபடியே தன் பெயரை முழுதாக எழுதினாள்.